நம் படகின் மூக்கைத் திறந்தாயிற்று, அத்தா

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அத்தாவுக்கு, ஸலாம்.

ஆழ்ந்த வருத்தத்தோடு ஓர் அறிவிப்பு. உங்கள் இடதுகால் ரப்பர் செருப்பை எதிர் வீட்டு நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கடைசியாக அது காபி எஸ்டேட் வேலியோரம் காணப்பட்டதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. துணையை இழந்த வலதுகால் செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது, யாரோடும் பேசுவதில்லை. அம்மா அதை எறியச் சொல்லவில்லை. நானும் எறியவில்லை. இத்துடன் தலைப்புச் செய்திகள் முடிந்தன.

இனி ஒரு சின்னச் செய்தி. நம் படகின் மூக்கை அறுத்துவிட்டேன்.

சரியாகத்தான் படித்தீர்கள். நீங்கள் ஃபைபர் மேட் மேல் மேட் ஒட்டி, ரெசின் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி மூடி வைத்தீர்களே, அந்த மூக்குதான். நான்தான் அறுத்தேன். ஒரே மூச்சில், கை நடுங்காமல், போட்ட கோடு பிசகாமல். “பாய் பாத்தா என்ன சொல்லுவாரு?” என்று பெரியசாமி அண்ணன் கேட்டார். பார்க்கட்டும் என்றுதான் அறுக்கிறேன் என்றேன்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் உண்டு. மூடின மூக்கா, திறந்த மூக்கா என்று நாம் போட்ட சண்டையை ஏற்காடு பஜாரே கேட்டது. முடிவை மட்டும் ஏன் ரகசியமாக வைக்க வேண்டும்?

ஒட்டுக் கேட்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. நீங்கள் கொஞ்சம் பொறுங்கள், அத்தா. பொறுமை உங்களுக்குப் பழக்கமில்லை என்று தெரியும், இப்போதாவது பழகுங்கள்.

என் அத்தா, அதாவது என் அப்பா, ஃபைபர் வேலை செய்தவர். குப்பனூர்ப் பக்கம் இறங்குகிற ரோட்டோரம் எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, ஜீப்புக்கு மேல்கூடு, லாட்ஜ்காரர்களின் மிதிபடகில் விழுந்த ஓட்டை, எதுவானாலும் அத்தாவிடம்தான் வரும். கூடமாட வேலைக்குப் பெரியசாமி அண்ணன். அம்மாவின் தம்பி சலீம் மாமா கேரளத்தில் காயலில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அங்கே ஒரு பட்டறையை மூடும்போது வேகப்படகு ஒன்றை வார்க்கிற அச்சு சும்மா கிடக்கிறது என்று அவர் போன் செய்தார். அடுத்த வாரமே அத்தா அதை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். இங்கே கட்டி, கீழே இறக்கி, காயலில் குடும்பத்தோடு முதல் ஓட்டம் ஓட்டிவிட்டு மாமாவிடம் விட்டுவிடுவது என்று திட்டம்.

மலை உச்சியில் படகு கட்டுகிற மனுஷனை ஊர் சும்மா விடுமா? பஜாரில் மளிகைக் கடைக்காரர் தினமும் கேட்பார்.

“ஏனுங் பாய், பிரளயம் எப்பங்க?”

“தேதி முடிவாகலீங்க. ஆனா உங்களுக்கு மட்டும் டிக்கெட் கெடையாதுங்க” என்பீர்கள் நீங்கள்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். அதை எத்தனையோ தடவை சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் தோன்றியது போலச் சொல்வீர்கள்.

வேகப்படகில் இரண்டு வகை. ஒன்றில் முன்பக்கம் முழுக்கத் தளம் போட்டு மூடியிருக்கும். உட்காருகிறவர்கள் எல்லோரும் காற்றைத் தடுக்கிற கண்ணாடிக்குப் பின்னால். இன்னொன்றில் கண்ணாடிக்கு முன்னாலும் குழிவாக இடம் விட்டு, மூக்கு நுனிவரை இருக்கை போட்டிருப்பார்கள். அந்த அச்சில் இரண்டு விதமாகவும் செய்யலாம். செய்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

நீங்கள் முடிவெடுத்தது தோசைக்கும் சட்னிக்கும் நடுவில்.

“மூடின மூக்குத்தான்” என்றீர்கள். “அலை வந்தா மேல ஏறி வழுக்கிட்டுப் போயிரும். கட்டு நொம்ப உறுதி. பாரமும் கம்மி. பாக்கறதுக்குப் பருந்து மாதிரி இருக்கும்.”

“பருந்து மேல யாரு உக்காருவா?” என்று அம்மா கேட்டாள்.

“நானும் பையனும்.”

“நானு?”

“நீ கரையில நின்னு வீடியோ எடு.” அம்மா முகத்தைப் பார்த்ததும் தாராள மனசு வந்துவிட்டது உங்களுக்கு. “சரி, எஞ்சின் பெட்டி ஓரமா ஒரு பலகை போடறேன். பின்னால உக்காந்துக்க.”

அம்மா உங்கள் தட்டில் இன்னொரு தோசை போட்டாள். அது கொஞ்சம் கருகியிருந்தது. நீங்கள் கவனித்தீர்களா?

அம்மாவுக்கும் ‘பின்னால்’ என்ற சொல்லுக்கும் பழைய பழக்கம், அத்தா. கல்யாணமாகிச் சேலத்திலிருந்து அவள் முதல் தடவை மலை ஏறியதே நம் ஜீப்பின் பின்பக்கத்தில்தான். கூடவே ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்சீட்டில் தொட்டிக்குச் சொந்தக்காரர். அதற்கப்புறம் எத்தனை வருஷம், எத்தனை பயணம். முன்சீட்டில் ஒரு நாள் வாடிக்கையாளர், ஒரு நாள் பெரியசாமி அண்ணன், நான் வளர்ந்த பிறகு நான். ஒரு நாள் ரெசின் டின். டின் சாய்ந்தால் கொட்டிவிடும், அம்மா சாய்ந்தால் கொட்டாது என்பது உங்கள் கணக்கு.

“எனக்கு இந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவும் முடிஞ்சதுக்கப்பறந்தான் தெரியும்” என்று அவள் ஒரு தடவை சொன்னாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல ஜோக் என்று நான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அன்றைக்கு நான் அம்மா பக்கம் சேர்ந்தது நியாயத்துக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிஜத்தில் உங்களை வம்பிழுக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம். திறந்த மூக்கு என்று அம்மாவும் நானும் ஒரு கட்சி. மூடின மூக்கு என்று நீங்கள் தனிக் கட்சி, பெரியசாமி அண்ணன் வெளியிலிருந்து ஆதரவு.

“இது படகு இல்லீங்கத்தா, பகட்டு” என்றேன். “மூக்க மூடினா அதுக்குப் பேரு மூக்கடைப்பு.”

நீங்கள் கேட்கவில்லை. தளத்தை ஒட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். தளம் காய்ந்த அன்று என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் பெரிய குண்டானில் வெந்நீர் கொதிக்க வைத்து, நொச்சி இலை போட்டு, படகின் மூக்குக்கு அடியில் வைத்து, மேலே ஜமுக்காளத்தைப் போர்த்திவிட்டேன். படகின் நெற்றியில் தைலம் தேய்த்தேன். நீங்கள் உள்ளே வந்து, “என்னடா பண்ற?” என்றீர்கள்.

“பாவமுங்கத்தா. மூச்சு விட முடியாம கெடக்குது. ஆவி புடிக்கறேன்.”

ரோலரைத் தூக்கிக்கொண்டு வேலிவரை துரத்தினீர்கள். பிறகு திரும்பிப் போய்ப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். சிரிப்பு முடிந்து இருமல் வந்தது. இருமல் முடியவே இல்லை.

இப்போது நான் கோபமாக ஒன்று கேட்கப் போகிறேன். படகின் மூக்கை மூடியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவரே, ஃபைபர் தேய்க்கும்போது உங்கள் மூக்கை ஏன் மூடவில்லை? மாஸ்க் வாங்கிக் கொடுத்தோம். ஆணியில் மாட்டி வைத்தீர்கள். அம்மா கெஞ்சினாள். “கண்ணாடி மேல ஆவி படியுது, வேல ஓடல” என்றீர்கள். வெள்ளைத் தூளோடு வீட்டுக்குள் வந்து, பவுடர் போட்டிருக்கிறேன், அழகாக இருக்கிறேனா என்று கேட்பீர்கள். படி ஏறினால் மூச்சு வாங்கியதை மலைக்குளிர் என்றீர்கள். இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் திடீரென்று எப்படிக் குளிரும்?

தூள்தான் காரணம் என்று சேலத்தில் டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நெஞ்சு ரொம்ப நாளாகவே கெட்டுப் போயிருந்தது, ஏன் முன்னாலேயே வரவில்லை என்று மட்டும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். உங்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை எங்களிடம் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

அத்தா போனீர்கள், இத்தா வந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய அந்தக் காலம் முழுக்க அம்மா வாசல் தாண்டவில்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் பட்டறைக் கதவு தெரியும். அங்கேதான் நிற்பாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் திடீரென்று மூடின மூக்குக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். பிரளயம் எப்போது என்று கேட்டாரே மளிகைக் கடைக்காரர், அவர் படகைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

“பாயி கை பட்டதுங்க. அவரு நெனப்பா அப்பிடியே வெச்சிருங்க. ஒண்ணும் தொடாதீங்க.”

“நீங்க சிரிச்சப்பவும் அது அவரு கை பட்டதுதானுங்களே” என்றேன்.

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று எல்லோரும் என்னை முறைத்தார்கள். நானும் முறைத்தேன். உயிரோடு இருந்தபோது பைத்தியக்காரன் என்றவர்கள், இறந்ததும் ஒரு ஆணியைக்கூட அசைக்கக் கூடாது என்கிறார்கள். உங்களைப் பட்டறையோடு சேர்த்துப் பூட்டி வைக்க அவர்களுக்கு ஆசை. நீங்கள் பூட்டுக்குள் அடங்குகிற ஆளா?

இத்தா முடிந்த அன்று காலை அம்மா கடைக்குப் போகவில்லை, சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்தாள். நானும் பெரியசாமி அண்ணனும் படகுக்கு அடியில் கட்டை மாற்றிக்கொண்டிருந்தோம். மூடின தளத்தில் கையை வைத்தாள். 

“நான் முன்னால உக்காரணும்” என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் நானும் அண்ணனும்தான் பேசித் தள்ளினோம்.

“கண்ணு, சொன்னாக் கேளு சாமி” என்றார் பெரியசாமி அண்ணன். “ரெண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டறதே அந்தத் தளந்தான். அதுல ஓட்டையப் போட்டா அலையில முறுக்கிக்கும். தண்ணி நேரா உள்ள வரும். முன்னாடி பாரம் ஏறுனா மூக்குத் தண்ணிக்குள்ள குத்திரும்.”

“ஏத்தத்துல ஜீப்பு மூக்குத் தூக்குனா முன்னாடி ஆள ஏத்தி உக்கார வெக்கறோமுல்லீங்க? அதே மாதிரி படகுக்கும் முன்னாடி பாரம் இருந்தாத்தான் நல்லது.”

இது எனக்கு உலக மகா தத்துவமாகத் தோன்றியது. மலையில் பிறந்தவன் வேறெப்படி யோசிப்பான்? எஸ்டேட் ரோட்டில் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது முன்சக்கரம் தரையைத் தொடாமல் தவிப்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். அண்ணனும் மலைக்காரர்தானே, அவருக்கும் இது பாதி நியாயமாகப் பட்டுவிட்டது. தலையைச் சொறிந்தார். “அப்பிடியுங்கறயா?” என்றார். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேர் தலையிலும் ரெசின் ஊற்றியிருப்பீர்கள்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஏரிக்குப் போனோம். வேகப்படகுக்கு அங்கே இடம் கிடையாது, துடுப்புப் படகு ஒன்று எடுத்தோம். பெரியசாமி அண்ணனை மூக்கு நுனியில் உட்கார வைத்தேன். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். நானும் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். துடுப்புப் போடுகிறவர் பின்னால்.

“ஏனுங்க, ரெண்டு பேரும் அங்கயே உக்கார்றீங்க? நடுவுல வாங்க” என்றார் அவர்.

“ஏத்தமுங்க” என்றேன்.

“ஏரியில ஏது கண்ணு ஏத்தம்?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு மிதிபடகு கடந்து போனது. அதன் பின்னால் வந்தது அலைகூட இல்லை, அலையின் குழந்தை. படகு தலையைக் குனிந்து அதை அப்படியே விழுங்கியது. அண்ணனின் வேட்டி இடுப்புவரை ஏரியாகிவிட்டது. மிதிபடகில் வந்தவர்கள் திரும்பி வந்து வீடியோ எடுத்தார்கள். கரையேறியதும் அண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “இப்பத் தெரிஞ்சுதா கண்ணு, பாயி ஏன் மூடுனாருன்னு?”

தெரிந்தது. ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் சொன்னது சரி. ஜீப்பு ரோட்டை மிதிக்கிறது, படகு தண்ணீரைக் கேட்டுக்கொண்டு போகிறது. மூடின மூக்குக்கு வேகம் கூட, உறுதி கூட, தண்ணீர்ப் பயம் கம்மி. நீங்கள் சொன்ன எல்லாமே சரி.

ஆனால் அத்தா, சரியாக இருப்பது மட்டும் போதுமா? நீங்கள் போட்ட கணக்கில் அலை இருந்தது, பாரம் இருந்தது, வேகம் இருந்தது. அம்மா எங்கே இருந்தாள்? விடை சரியாக வந்தாலும் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போட்ட கணக்குக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். என் கணக்கு டீச்சர் இதைப் படித்தால் சிரிப்பார், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். முன்னால் உட்கார்ந்தால் மூக்குக் குத்தும், தண்ணீர் அடிக்கும், வேகம் குறையும்.

“நானென்ன சிமெண்டு மூட்டையாடா, மூக்குக் குத்தறதுக்கு?” என்றாள். “ரெண்டு பேரு ஒக்கார்ற அளவுக்கு மட்டும் தொறங்க. தண்ணி வந்தா வெளிய போக வழி பண்ணுங்க. இத்தன வருசம் தொட்டி செஞ்ச ஊட்டுல தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை போடத் தெரியாதா?”

பெரியசாமி அண்ணன் மூடின மூக்குக் கட்சிக்கு வெளியிலிருந்து தந்த ஆதரவை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினார்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. முழு மூக்கையும் திறக்கவில்லை. நுனியை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேர் ஒட்டி உட்காருகிற அளவுக்குக் குழி. முறுக்காமல் இருக்க அடியில் குறுக்குச் சட்டம். தரையை உயர்த்தி, சரிவு கொடுத்து, ஏறுகிற தண்ணீர் தானே வழிந்து போகப் பக்கவாட்டில் துளைகள். கண்ணாடி நடுவில் ஒரு குட்டிக் கதவு, அலை பெரிதானால் சாத்திக்கொள்ள. அறுத்தது நான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தைரியசாலிகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன், நான்தான்.

படகை மினி லாரியில் ஏற்றிக் கட்டினோம். ரோட்டோரம் பாதி ஊர் நின்றது. மளிகைக் கடைக்காரரும் நின்றார். “பாயி வெச்சத மாத்திப்புட்டயே கண்ணு” என்றார். “ஆமாங்க, பிரளயத்துக்கு எடம் பத்தல” என்றேன். முதலில் முறைத்தார். பிறகு அவரால் முடியவில்லை, சிரித்துவிட்டார். அவர் சிரித்தது நன்றாக இருந்தது, அத்தா. உங்களைப் பற்றி யாராவது சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று கேளுங்கள். அம்மா. நானும் அண்ணனும் பின்னால், படகோடு. முதல் வளைவிலேயே எனக்கு ஒன்று புரிந்தது. பின்னால் உட்கார்ந்தால் ரோடு உன்னை விட்டுவிட்டு ஓடுகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாது, எதை விட்டுவிட்டோம் என்று மட்டும்தான் தெரியும். படகைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இதில் எத்தனை வருஷம் எப்படி வந்தாள் அவள்?

அடிவாரத்தில் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள்.

“என்னதுங்க இது?”

“படகுங்க.”

“தெரியுது. மலையிலருந்து படகு எப்பிடி வரும்? ஏரியில இருந்து தூக்கிட்டீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த அண்ணன் என் காலை மிதித்தார். அம்மா முன்கதவின் கண்ணாடியை இறக்கினாள்.

“எங்க ஊட்டுக்காரரு கட்டுனதுங்க” என்றாள். “அவரு போயிட்டாரு. நாங்க தண்ணியில விடப் போறோம்.”

அந்த மனுஷர் படகைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “போயிட்டு வாங்கம்மா” என்று தடுப்பைத் தூக்கிவிட்டார்.

காயலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டியரிங் என் கையில். சலீம் மாமா பக்கத்தில். அம்மா முன்னால், நாங்கள் திறந்த குழியில், முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு. “பக்கத்துல வந்து உக்காருடா” என்று என்னைக் கூப்பிட்டாள். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூக்குக் குத்தும் என்று விளக்கம் சொன்னேன். முழு வேகம். மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. எதிரே வந்த பெரிய படகின் அலையில் நம் படகு ஏறி இறங்கியது. ஒரு வாளித் தண்ணீர் அப்படியே அம்மா மேல்.

“அக்கா, போதும், பின்னால வந்துருங்க” என்று மாமா கத்தினார்.

அம்மா திரும்பவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை. “நான் எங்கயும் வரல. நீங்க ஓட்டுங்க” என்றாள்.

தண்ணீர் உள்ளே வந்ததா? வந்தது. துளை வழியே போய்விட்டது. வேகம் குறைந்ததா? கொஞ்சம் குறைந்தது. பருந்து மாதிரி இருந்ததா? இல்லை, வாயைத் திறந்து சிரிக்கிற ஆள் மாதிரி இருந்தது. நீங்கள் தோற்றுவிட்டீர்கள், அத்தா. நீங்கள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் தோற்றுவிட்டீர்கள். எழுந்து வந்து சண்டை போடுங்கள் பார்க்கலாம்.

நீங்கள் இருந்திருந்தால் கடைசியில் விட்டுக்கொடுத்திருப்பீர்களா? அந்தக் கருகின தோசையைக் கவனித்துவிட்டுத்தான் பேசாமல் தின்றீர்களா? யாரிடம் கேட்பது?

சரி. எல்லோரும் படிக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்கிறேன்.

ஸ்டியரிங் என் கையில் இருந்தது உண்மை. அப்போது படகு கரையில் கட்டியிருந்தது. ஓட்டியது மாமா. நான் பின்பலகையில் உட்கார்ந்து மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தேன். மரங்கள் பின்னால் ஓடின என்று எழுதியது ஊகம். அம்மா கூப்பிட்டபோது மூக்குக் குத்தும் என்றதும் சாக்கு. முன்னால் உட்காருவதற்கே பயம்.

அறுத்ததும் நான் இல்லை, அத்தா.

மிஷினைக் கையில் எடுத்தது நான்தான். சுவிட்சைப் போட்டேன். கோட்டில் வைத்தேன். ஒரு நகம் அளவுக்குக் கீறல் விழுந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. அணைத்துவிட்டு, “கரண்டு போயிருச்சு” என்றேன். என் தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா பல்பைப் பார்த்தாள். பெரியசாமி அண்ணனும் பார்த்தார்.  அம்மா முக்காட்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, “தள்ளுடா கண்ணு” என்று மிஷினை வாங்கினாள். நான் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் நிற்கும்வரை உள்ளே வரவில்லை.

அறுத்தெடுத்த துண்டைப் பெரியசாமி அண்ணன் குப்பையோடு போடப் போனார். நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன் அடிப்பக்கம் தேய்க்காத பக்கம். உங்கள் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடி இரண்டு ரெசினுக்குள் ஒட்டிக் காய்ந்து கிடக்கின்றன. விரலால் தடவினால் தட்டுப்படும். தினமும் தடவுகிறேன். ஊர்க்காரர்களைத் திட்டினேனே, பூட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்று, அவர்களைவிட நான் மோசம்.

பெருநாள் லீவுக்குத் திரும்பவும் காயலுக்குப் போகிறோம். அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னோர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை அங்கே நான் உட்காருவேன். கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். சத்தியமாக. கொஞ்சம் கத்துவேன், அதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

உங்களைப் போலவே யார் பேச்சையும் கேட்காத உங்கள் ஒரே மகன்,
இம்ரான்